கழிவுநீர் இணைப்பைப் பார்க்க வீட்டுக்குள் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருவில் ஒரே மாதிரி போன் வரும். "யாரோ வந்து காம்பவுண்டுக்குள்ளே சேம்பரைத் திறக்கச் சொல்றாங்க, விடலாமா வேண்டாமா?" சேம்பர் என்றால் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேர்கிற, மூடி போட்ட தொட்டி. குடியிருப்போர் சங்கத்தில் பல வருஷமாக இருப்பதால் முதல் போன் எனக்குத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. அதிகாரிகளோடு பேசியதில், சட்டத்தைப் படித்ததில், பல சேம்பர்களை எட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது, ஆனால் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். விஷயம் கோர்ட்டு வரை போகும் போலிருந்தால் வக்கீலிடம் போய்விடுங்கள்.

வாசல்ல வந்து நிக்கிறாங்க. உள்ளே விட்டே ஆகணுமா?

விடத்தான் வேண்டும். ஆனால் யார், எதைப் பார்க்க, எவ்வளவு தூரம் உள்ளே என்ற மூன்றையும் கேட்டுவிட்டு விடுங்கள். அப்படிக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, ஒழுங்காக வேலை செய்கிறவர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

பெரும்பாலான ஆய்வுகள் பத்து நிமிஷத்தில் காம்பவுண்டு ஓரத்து சேம்பரிலேயே முடிந்துவிடும். மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்குவார்கள். தண்ணீர் ஓடுகிறதா தேங்கி நிற்கிறதா, சேம்பரின் சுவர்களில் எத்தனை பைப் வந்து சேர்கிறது, அதில் ஏதாவது மாடியிலிருந்து நேராக இறங்குகிற பைப்பா என்று பார்ப்பார்கள். வீட்டுக்குள் காலடி வைக்காமலே முடிகிற வேலைக்குத்தான் பலரும் பயந்துபோய் போன் செய்கிறார்கள்.

எந்தச் சட்டத்துல அப்படி இருக்கு? சும்மா சொல்றாங்களா?

சும்மா இல்லை. நம் ஊர் நகராட்சிச் சட்டங்களில் இந்த அதிகாரம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. 1919-இல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920-இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம் இரண்டிலுமே ஆணையரோ அவர் அனுப்பும் ஆளோ கட்டடத்துக்குள் வந்து ஆய்வு செய்யலாம் என்று எழுதியிருந்தது. இப்போது 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998 நடைமுறையில் இருக்கிறது. சென்னையில் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனியாக 1978-ஆம் வருஷச் சட்டம் ஒன்று உண்டு, மெட்ரோ வாட்டர் என்று நாம் கூப்பிடும் வாரியமே அதன் கீழ்தான் அமைந்தது.

ஆக, "என் வீட்டுக்குள்ளே வர உனக்கு என்ன அதிகாரம்?" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சில் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். அதே சட்டங்கள் அதிகாரிக்கு என்ன நிபந்தனை போட்டன என்பது தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

மெட்ரோ வாட்டர், கார்ப்பரேஷன், பொல்யூஷன் போர்டு... யார் எதுக்கு வருவாங்க?

சென்னையில் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் போகிற பாதாளச் சாக்கடை மெட்ரோ வாட்டருடையது. தெரு ஓரம் ஓடுகிற மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. இரண்டும் வேறு வேறு குழாய், வேறு வேறு அலுவலகம், போய்ச் சேரும் இடமும் வேறு. சாக்கடை கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி மாதிரியான சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும். மழைநீர் வடிகால் நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே புரியும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் சாதாரண வீட்டுக்கு வராது. தொழிற்சாலை, சாயப்பட்டறை, பெரிய மருத்துவமனை, சொந்தமாக சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிற பெரிய அடுக்ககம் ஆகியவைதான் அவர்கள் பக்கம். மற்ற ஊர்களில் பெரும்பாலும் மாநகராட்சியோ நகராட்சியோ இரண்டு குழாயையும் பார்த்துக்கொள்ளும்.

வந்தவர் நிஜமாவே ஆபீஸர்தானா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

அடையாள அட்டையைக் கேளுங்கள், போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெயரையும் பதவியையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பகுதி டெப்போவுக்கு, அதாவது மெட்ரோ வாட்டரின் வட்டார அலுவலகத்துக்கு, ஒரு போன். மெட்ரோ வாட்டர் புகார் எண் 044-45674567, மாநகராட்சிக்கு 1913. போன் செய்து முடிக்கும்வரை அவர் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், அவமரியாதை ஒன்றும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்கிறேன். "உங்க லைன்ல அடைப்பு இருக்கு, இப்பவே ஆயிரம் ரூபா கட்டினா சரி பண்றோம்" என்று கையில் காசு கேட்டால் அது ஆய்வே இல்லை, கேட்டைச் சாத்திவிடுங்கள். கட்டணம் எதுவாக இருந்தாலும் ரசீதோடு அலுவலகத்திலோ இணையத்திலோதான்.

சொல்லாம கொள்ளாம வரலாமா? ராத்திரி வந்தா?

மேலே சொன்ன நிபந்தனைகள் இவைதான். 1919, 1920-ஆம் வருஷத்து அந்தப் பழைய சட்டங்களில், தனியாக வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, சூரியன் மறைந்த பிறகு மறுநாள் உதிக்கும்வரை நுழையக் கூடாது என்று இருந்தது. குடியிருக்கிற வீடு என்றால் குடியிருப்பவர் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் வேறு அறைக்குப் போய்க்கொள்ள அவகாசம் தர வேண்டும், குடியிருப்பவர்களின் சமய, சமூக வழக்கங்களுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய நடை என்றாலும், இன்றைக்கும் ஓர் ஆய்வு கண்ணியமாக நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அதனால் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தால், வசதியிருந்தால் சம்மதித்து விட்டுவிடுங்கள். வசதி இல்லையென்றால் "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க சார், நான் வீட்ல இருப்பேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். நேரம் குறிப்பது முக்கியம். வெறுமனே "அப்புறம் வாங்க" என்றால் மறுத்ததாகவே எழுதிக்கொள்வார்கள். சாலையில் மேன்ஹோல் பொங்கி வழிகிற நேரத்தில் மட்டும் இந்த நியாயமெல்லாம் பேசாதீர்கள், அப்போது அடைப்பு எந்த வீட்டில் என்று உடனே பார்க்கத்தான் வேண்டும்.

பெட்ரூம், சமையலறை வரைக்கும் போவாங்களா?

வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். சேம்பர், அதற்கு வரும் பைப்புகள், வெளிச்சுவர், மொட்டைமாடி, தேவைப்பட்டால் தரைத்தளக் குளியலறை. பீரோ இருக்கிற அறைக்கும் சாக்கடைக்கும் சம்பந்தம் இல்லை, அங்கே போக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். கூடவே நடந்து போங்கள், தனியாக விடாதீர்கள்.

மொட்டைமாடிக்கு எதற்கு என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மாடியில் ஒரு வாளி நிறத் தண்ணீரை ஊற்றிவிட்டு கீழே சேம்பரில் அந்த நிறம் வருகிறதா என்று பார்த்தால் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், சுவரை உடைக்கவே வேண்டாம். அதோடு தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சேம்பர் என் காம்பவுண்டுக்குள்ளதானே இருக்கு, அது என் சொத்துதானே?

சொத்து உங்களுடையது, பராமரிப்பும் உங்களுடையது. பொதுவாகக் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் குழாயும் சேம்பரும் வீட்டுக்காரர் பொறுப்பு, வெளியே தெருக் குழாய் வாரியத்தின் பொறுப்பு. ஆனால் உங்கள் சேம்பரில் விழுகிற எதுவும் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. நாப்கினும் துணியும் அரிசி கழுவிய வண்டலும் பத்து வீடு தள்ளிப் போய் அடைக்கும். சேம்பர் மேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் பூந்தொட்டி வைத்து, மூடி இருந்த இடமே தெரியாமல் செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் உண்டு. அடைத்துக்கொண்ட அன்று டைல்ஸை உடைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. மூடி எப்போதும் தூக்கக்கூடிய நிலையில் இருக்கட்டும்.

மழைத் தண்ணியை அதுல விட்டா என்ன குடி முழுகிடும்? தண்ணிதானே?

நான் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் மாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 1,076 சதுர அடி. சென்னையில் வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்துக்கு 5 சென்டிமீட்டர் பெய்வது புதிதல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மாடியில் மட்டும் விழுவது 5,000 லிட்டர். இப்போது வீட்டுக் கழிவுநீரைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்குப் போகும் என்பதுதான் பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 432 லிட்டர். அதாவது பதினொரு நாளுக்கு மேல் போக வேண்டிய சாக்கடை, ஒரே மணி நேரத்தில் உங்கள் ஒரு வீட்டிலிருந்து போகிறது. தெருவில் முப்பது வீடும் இப்படி விட்டால் அந்தக் குழாய் என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் மழையில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தனியாக இருந்த ஒரு பாட்டி வீட்டில், குளியலறைத் தரையில் இருக்கிற ஜாலி வழியாக முதலில் குமிழ் வந்தது, அப்புறம் கறுப்புத் தண்ணீர், அப்புறம் சொல்ல முடியாதவை எல்லாம். வெள்ளம் தெருவிலிருந்து வருவதற்கு முன்பே சாக்கடை உள்ளேயிருந்து வந்துவிட்டது. அவர் சாமி படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். மழை விட்ட பிறகு பார்த்தால் எங்கள் மொட்டைமாடிக் குழாய்கள் மூன்றில் இரண்டு நேராக சேம்பரில் இறங்கியிருந்தன. கட்டியவர் அப்படிச் செய்திருந்தார், நாங்கள் யாரும் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. ஓர் அதிகாரி அதற்கு முந்தின வருஷம் வந்து பார்த்திருந்தால் அந்தப் பாட்டிக்கு அந்த ராத்திரி வந்திருக்காது. அன்றிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களைத் தடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாதாளச் சாக்கடை அடைச்சுக்கிட்டே இருக்கு, அதனால மழைநீர் வடிகால்ல விட்டிருக்கோம். அதுவும் தப்பா?

தப்புதான், மேலே சொன்னதைவிடப் பெரிய தப்பு. அந்தத் தண்ணீரை எந்த நிலையத்திலும் சுத்தம் செய்வதில்லை, கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ அப்படியே போகும். ஆய்வில் கண்டுபிடித்தால் இணைப்பை அடைத்துவிடுவார்கள், அபராதமும் வரும். அடைப்பு நிஜமாகவே தீரவில்லை என்றால் புகார் எண் வாங்கி வையுங்கள், அந்த எண்கள்தான் பின்னால் உங்களுக்குத் துணை.

நான் வாடகைக்கு இருக்கேன். ஹவுஸ் ஓனர் ஊர்ல இல்ல. நான் எப்படி விடறது?

சம்மதம் குடியிருப்பவரிடம் கேட்கப்படுவது, அதனால் நீங்களே விடலாம். ஓனருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். ஆனால் ஓனர் சார்பில் எதையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் பெற்றுக்கொண்டதாக மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்து போடச் சொல்றாங்க. போடலாமா? நான் வீடியோ எடுக்கலாமா?

வெற்றுத்தாளில் போடக் கூடாது. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதிப் போடுங்கள், நகல் கேளுங்கள். உடன்பாடு இல்லையென்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். வீடியோ எடுக்கலாம், உங்கள் வீடு. அவர்களும் சேம்பரைப் படம் எடுப்பார்கள், அது அவர்கள் வேலைக்குத் தேவை. வீட்டு ஆட்களும் அறைகளும் படத்தில் விழாமல் எடுக்கச் சொல்லலாம்.

நகல் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "இன்ன தேதியில் இன்ன முகவரியில் செய்த ஆய்வின் அறிக்கை" என்று குறிப்பாகக் கேட்டால் வருகிறது, பொதுவாகக் கேட்டால் இழுக்கும்.

நூறு, இருநூறு கொடுத்தா போயிடுவாங்களாமே?

கொடுக்காதீர்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் கொடுக்கலாம். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காசு கொடுத்து அனுப்பிய பிறகும் அந்த மாடிக் குழாய் சேம்பரில்தான் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஹோட்டல் வெச்சிருக்கேன். எங்களுக்கும் இதே விதிதானா?

கடைக்கு வீட்டுக்கு உள்ள அளவு தனிமை கிடையாது. வியாபாரம் நடக்கிற நேரத்தில் வருவார்கள், முதலில் பார்ப்பது எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டி இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதுதான். சூடாகப் போகிற எண்ணெய் குழாயில் ஆறி, வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபம் இருக்கிற தெருவில் முகூர்த்த மாதங்களில் மேன்ஹோல் பொங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

சாயப்பட்டறை, தோல், ரசாயனம் என்றால் கதையே வேறு, அங்கே 1974-ஆம் வருஷ நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வருகிறது. அதன்படி வாரிய அதிகாரி எந்த நேரத்திலும் நுழையலாம். திருப்பூரில் நொய்யலில் சாயத் தண்ணீர் கலந்த விவகாரத்தில் 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது நினைவிருக்கும். அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. குடியிருப்பு வளாகத்தில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இருக்கிற கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த அதிகாரியும் நியாயமான நேரத்தில்தான் வர வேண்டும் என்று இருக்கிறது. வீடு என்றால் வேறு மரியாதை என்பதைத் தொழிற்சாலைகளுக்காக எழுதிய சட்டமே ஒப்புக்கொள்கிறது.

தண்ணி சாம்பிள் எடுத்துட்டுப் போனாங்க. மாத்தி வெச்சுட்டா?

அதற்குத்தான் அந்த 1974-ஆம் வருஷ நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் முறை இருக்கிறது. பரிசோதனைக்காக எடுக்கிறோம் என்று அப்போதே அங்கேயே உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டையும் சீல் வைத்து இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வேண்டுமென்றே அந்த இடத்தை விட்டு நழுவிவிடாதீர்கள், நீங்கள் இல்லாவிட்டாலும் எடுக்க வழி இருக்கிறது, அப்போது இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

முடியவே முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவாங்க?

முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரும். அதையும் மதிக்காமல், முறையாக வந்த அதிகாரியைத் தடுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆவது பிரிவு இருக்கிறது. அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் அவ்வளவு தூரம் போவதற்கு முன் இணைப்பைத் துண்டிப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதில்தான் பலரும் இறங்கி வருகிறார்கள். நேரம் குறித்துத் தள்ளிப்போடுவது மறுப்பு இல்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவுல வாரண்ட் இல்லாம வர முடியாதுன்னு என் பையன் சொல்றான். இங்க மட்டும் ஏன்?

பையன் சொல்வது பெரும்பாலும் சரி. 1967-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த காமரா வழக்கில், வீட்டுக்காரர் மறுத்தால் நகராட்சி ஆய்வாளருக்கும் வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வாரண்டுக்கு உங்கள் மேல் சந்தேகம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தப் பகுதியையே ஆய்வு செய்ய நியாயமான காரணம் இருந்தால் போதும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அவசரம் என்றால் வாரண்டும் வேண்டாம். அங்கேயும் கடைசியில் சேம்பரைத் திறக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் அப்படி ஒரு பொதுவான வாரண்ட் முறை இல்லை. ஆனால் தனியுரிமை இல்லை என்று அர்த்தம் இல்லை. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. சட்டத்தில் இடம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டக் கூடாது. சாக்கடையைப் பார்க்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர், என்ன சமைக்கிறீர்கள், வாடகை எவ்வளவு என்று குடைந்தால் அது இந்த அளவைத் தாண்டுகிறது. பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்க வீட்ல செப்டிக் டேங்க்தான். எங்களுக்கு யாரும் வர மாட்டாங்கல்ல?

வருவார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க்கைப் பார்ப்பது உள்ளாட்சியின் வேலை. நிரம்பி வழிகிறதா, வழிகிற தண்ணீர் தெருவுக்கோ வடிகாலுக்கோ போகிறதா, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்தீர்களா என்று கேட்பார்கள். லாரியைக் கூப்பிட்டால் உள்ளாட்சியின் உரிமம் பெற்ற லாரிதானா என்று பாருங்கள், ரசீது வாங்கி வையுங்கள். உரிமம் இல்லாத லாரி உங்கள் கழிவை ராத்திரியில் எந்த ஏரியில் கொட்டும் என்று சொல்ல முடியாது.

லாரிக்காரர் ஒரு ஆளை உள்ளே இறக்கி வண்டலை வாரிடறேன்னு சொல்றார். நான் காசு கொடுக்கறேன், அவர் ஒத்துக்கறார். இதுல என்ன தப்பு?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஓர் ஆளைச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவது 2013-ஆம் வருஷ மனிதக் கழிவகற்றும் தடைச் சட்டப்படி குற்றம். நேரடியாக வேலைக்கு வைத்தாலும், இன்னொருவர் மூலம் வைத்தாலும், வீட்டுக்காரரானாலும் குற்றம்தான். முதல் முறைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் கிடையாது. அவர் ஒத்துக்கொண்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது. இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட ஆய்வாளர், குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் நியாயமான நேரத்தில் எந்த வளாகத்துக்குள்ளும் வரலாம், அங்கே இருப்பவர்களை விசாரிக்கலாம்.

உள்ளே இருக்கிற வாயு எப்படிக் கொல்கிறது தெரியுமா? அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சில நொடியில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒன்றாகச் சாவதைப் படிக்கிறோமே, பல முறை இப்படித்தான். அவசரம் என்றாலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் இறங்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்கு அப்போது 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. எவ்வளவு உயர்த்தினாலும் அந்த வீட்டுக்கு ஆள் திரும்பி வரப்போவதில்லை.

ஆய்வுக்கு வந்தவங்க கூட வந்த ஆளையே சேம்பருக்குள்ளே இறங்கச் சொன்னா? அதிகாரிதானே சொல்றார், நான் என்ன பண்றது?

இறக்க விடாதீர்கள். முந்தின பதிலில் சொன்ன தடை உள்ளாட்சிக்கும் அதன் ஒப்பந்தக்காரருக்கும் அதே அளவு பொருந்தும். எங்கள் தெருவில் ஒரு முறை இப்படி நடந்தது. வந்த குழுவில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம், சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் படிக்கட்டில் வைத்துவிட்டு மேன்ஹோல் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டான். கையில் ஒரு மூங்கில் கழி மட்டும். எதிர்வீட்டு அக்கா அந்த மடித்த சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நீ ஏறி வாப்பா முதல்ல" என்றார். மேற்பார்வைக்கு வந்தவர் கோபப்பட்டார், அடைப்பு இருந்தால் உங்கள் தெருதான் நாறும் என்றார். நாறட்டும் சார், மிஷின் வரும்வரை காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். அந்த ஆளை மேலே வரச் சொல்லுங்கள், அங்கே நின்றபடியே 14420-க்கு போன் செய்யுங்கள், சாக்கடைக்கும் செப்டிக் டேங்க்குக்கும் உள்ள உதவி எண் அது. ஜெட் ராடிங் வண்டி, அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் மிஷின், வேண்டும் என்று கேட்டுப் புகார் எண் வாங்குங்கள். எங்களுக்கு அன்றைக்கு வண்டி வரச் சாயங்காலம் ஆனது, அதுவரை தெருவில் எல்லோரும் தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் இருந்தோம்.